உபதேசியார் பார்த்த சுவர்

உபதேசியார் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ராஜபாளையத்தில் என் மாடி வீடு. மத்தியானச் சாப்பாடு முடிந்து தெருவே அடங்கிப்போகிற நேரம். நெத்திலிக் கருவாட்டை வறுத்து, முள்ளெடுத்து, சோற்றில் பிசைந்து தட்டில் வைத்திருந்தேன். அவர் தட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெறும் வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் பல்லி இல்லை, எறும்பு இல்லை. ஆணி அடித்த தடம்கூட இல்லை. ஆனாலும் அவருடைய தலை மெல்ல இடமிருந்து வலமாகத் திரும்பியது. பிறகு மேலே ஏறியது. பிறகு சட்டென்று கீழே இறங்கியது.

எதையோ கண்ணால் பின்தொடர்கிறார். எனக்கோ ஒன்றும் தெரியவில்லை.

இந்தத் தொடரில் போன வாரம், என் எஸ்தர் அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டுத் திரும்பியதோடு நிறுத்தியிருந்தேன். வாசித்தவர்களில் பாதிப்பேர் அக்காவைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தப் பூனை என்னவாயிற்று என்றுதான் கேட்கிறார்கள். அக்கா இருந்திருந்தால் இதற்கு ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பாள்.

எங்கள் சபைகளில், போதகரான ஐயர் வந்து சேராத சின்ன ஊர்களில் ஆராதனை நடத்துகிறவரை உபதேசியார் என்போம். அக்காவின் பூனைக்கு வெள்ளை உடம்பு, கழுத்தில் கறுப்புப் பட்டை. சாப்பாடு வைத்தால் தட்டுக்கு எதிரே கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். ஜெபம் பண்ணுகிறார் என்று அக்கா அந்தப் பெயரை வைத்துவிட்டாள். இவ்வளவு மரியாதையான பெயரை வைத்துவிட்டு ‘அது, இது’ என்றால் அவளுக்குக் கோபம் வரும். அவரும் மரியாதையை எதிர்பார்க்கிற ஆள்தான்.

கடைசி நாட்களில், பேச்சு குறைந்துபோன நிலையிலும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அவரைப் பற்றித்தான்.

“ஏட்டி ரூத்து, அவருக்குச் சோறு வச்சா மட்டும் போதாது. வேடிக்கை காட்டணும். இல்லன்னா ஏங்கியே செத்துருவாரு.”

“காட்டுதேங்க்கா. நீ கவலப்படாத” என்றேன்.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. டீச்சர் வேலை பார்த்த அக்கா கல்யாணமே கட்டவில்லை. எங்கள் குடும்பத்தில் எனக்கென்று மிச்சம் இருந்த உயிர் இந்த உபதேசியார்தான். அவர் சாப்பிட மாட்டேன் என்கிறார்.

வேலை இல்லாத சீக்கு

வெளியே விட்டால் சரியாகிவிடுவார் என்று சொல்லாதீர்கள். கீழே வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு நாய் உண்டு. எங்கள் ஊர்ப் பெயரையே தன் இனத்துக்குப் பெயராக வைத்திருக்கும் வெள்ளை வேட்டைநாய். முயலையே விரட்டிப் பிடிக்கிற கால்கள். எங்கள் படிக்கட்டின் அடியில்தான் அதற்குப் படுக்கை. அதனால் உபதேசியாருக்கு இரண்டு அறையும் ஒரு சமையலறையும்தான் உலகம்.

விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் பையில் போட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆடுகளுக்கும் கன்றுக்குட்டிகளுக்கும் நடுவில் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

“இதுக்கு நோய் ஒண்ணும் இல்லம்மா. வேலை இல்ல. அதான் சீக்கு” என்றார்.

“பூனைக்கு என்ன வேலை சார்?”

“பதுங்கணும், துரத்தணும், பிடிக்கணும். பொறவுதான் திங்கணும். நீங்க முள்ளெடுத்துப் பிசைஞ்சு முன்னால வச்சா அதுக்கு என்ன மரியாதை இருக்கு? உயரமா ஒரு இடம் குடுங்க, சன்னல் வழியா தெருவப் பாக்கட்டும். தீனிய அங்கங்க ஒளிச்சு வைங்க. தினமும் ஒரே நேரத்துல செத்த நேரம் விளையாட்டு காட்டுங்க.”

முழு மூச்சாக இறங்கினேன். வீட்டுக்கார அம்மா மில்லிலிருந்து வந்த, நூல் சுற்றும் காகிதக் கோன்களைக் கொடுத்தார். அவற்றை உருட்டிவிட்டேன். பேண்டேஜ் துணியைக் கிழித்து வால் மாதிரி முடிந்து இழுத்தேன். பால்கோவா அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு உள்ளே கருவாட்டை ஒளித்து வைத்தேன். அறுபதைத் தாண்டிய பொம்பளை தரையில் தவழ்ந்து துணிவாலை இழுப்பதை உபதேசியார் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எனக்காகத்தானோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டார்.

சன்னலோரம் மேசையைப் போட்டு அதன்மேல் நாற்காலியை வைத்ததை மட்டும் ஏற்றுக்கொண்டார். காலையில் அங்கே ஏறித் தெருவைப் பார்ப்பார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். மத்தியானம் ஆனால் இறங்கி வந்து மறுபடி சுவர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

அது வந்தது

ஒரு நாள் சுவரில் உண்மையாகவே ஒன்று வந்தது.

உள்ளங்கை அகலத்தில் ஒரு வெளிச்சம். எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அது சுவரின் நடுவில் தோன்றி அப்படியே நின்றது. கொஞ்சம் நடுங்கியது. பிறகு மெல்ல நகர்ந்து கதவு நிலைவரை போய்த் திரும்பி வந்தது. உபதேசியாரின் பின்பக்கம் தாழ்ந்தது. வால் நுனி துடித்தது. ஒரே தாவு. இத்தனை நாள் ஏறி இறங்கவே சங்கடப்பட்டவர் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குத் தாவினார்.

வெளிச்சம் விலகிக்கொண்டது. வேண்டுமென்றே விலகுகிற மாதிரி, அவர் நகம் படுகிற கடைசி நொடியில் விலகியது.

எனக்கு அந்த விளையாட்டைத் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அப்பா மத்தியானம் தூங்குவார். சத்தம் போட்டால் அடி விழும். அதனால் சத்தமே இல்லாத ஒரு விளையாட்டை அக்கா கண்டுபிடித்தாள். அவள் கையில் அப்பாவின் சவரக் கண்ணாடி, என் கையில் தூக்குச்சட்டி மூடி. முற்றத்து வெயிலைப் பிடித்து உள்சுவரில் விடுவோம். அவள் வெளிச்சம் முன்னால் ஓடும், என் வெளிச்சம் பின்னால் துரத்தும். ஒரு தடவைகூட நான் அவளைத் தொட்டதில்லை. எப்போதும் ஒரு முழம் முன்னால்தான் போவாள். சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு வலிக்கும்.

பட்டாணியை அப்படியே போட்டுவிட்டு, அக்கா வீட்டிலிருந்து உபதேசியாரோடு வந்த பையைத் துழாவினேன். அடியில் ஒரு எவர்சில்வர் மூடி. உட்பக்கம் கருவாட்டு வாடை. அன்றைக்கே அக்காவின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“ஆமாம்மா. டீச்சரம்மா தினம் மத்தியானம் அந்த மூடிய வச்சுச் செவத்துல வெளிச்சம் காட்டுவாவ. அது குதியோ குதின்னு குதிக்கும். கடைசில மூடியத் தரையில கவுத்துருவாவ. அடியில நெத்திலி இருக்கும். வெளிச்சத்தப் பிடிக்க முடியாதுல்லா? பிடிக்க ஒண்ணு குடுக்கணும்பாவ, இல்லன்னா அது ஏமாந்து போயிரும்னு.”

அப்படியென்றால் இங்கே யார் காட்டுகிறார்கள்? மூடி என் கையில் இருக்கிறது. வீட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை.

இதை எழுதவே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் கோயிலுக்குப் போகிறவள், பேய் பிசாசு என்று பேசினால் முறைக்கிறவள். ஆனாலும் அன்று சுவரைப் பார்த்து, “அக்கா” என்று கூப்பிட்டேன்.

வெளிச்சம் நடுங்கியது.

அதற்குப் பிறகு தினமும் வந்தது. மூன்று மணி வாக்கில் வரும், கொஞ்ச நேரம் ஆடும், தரையில் இறங்கி நிற்கும். அந்த இடத்தில் நான் மூடியைக் கவிழ்த்து வைப்பேன், அடியில் நெத்திலியோடு. அவர் மூடியைத் தள்ளிப் பிடித்துத் தின்பார். மெலிந்த உடம்பு தேற ஆரம்பித்தது. நான் அக்காவிடம் ஊர்க்கதையெல்லாம் பேசினேன். பதிலுக்கு வெளிச்சம் சில சமயம் நகரும், சில சமயம் நகராது. அது எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு நாளும் சன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடும் என்று பயந்தேன்.

ஒரு நாள் வெளிச்சத்தோடு ஒரு சத்தமும் கேட்டது. கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம்.

அக்கா வாழ்நாளில் வளையல் போட்டதில்லை.

வளையல் கை

திரும்பிப் பார்த்தேன்.

எதிர்வீட்டு மாடிச் சன்னலில் சிவப்புச் சட்டம் போட்ட ஒரு வட்டக் கண்ணாடி தொங்கியது. சன்னல் கம்பிக்கு நடுவிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு அந்தக் கண்ணாடியைப் பிடித்திருந்தது. முழங்கைவரை பச்சையும் சிவப்புமாக வளைகாப்பு வளையல்கள். உள்ளே இருட்டு. முகம் தெரியவில்லை. கை மெல்லத் திரும்பியது. என் முதுகுக்குப் பின்னால் உபதேசியார் தாவும் சத்தம் கேட்டது.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா இரண்டாம் தடவையும் செத்துப்போன மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கார அம்மாவிடம் அந்தக் கண்ணாடியைப் பற்றி விசாரித்தேன்.

“தப்பா நினைக்காதீங்க. அது உங்களுக்காக மாட்டினதுதான்.”

“எனக்கா?”

“எதிர்வீட்டு பாக்கியத்தோட மருமக கார்த்திகா முழுகாம இருக்காள்ல. ஏற்கெனவே ரெண்டு தடவை தங்கல. நீங்க காலையில இருந்து சன்னல்லயே உக்காந்து அந்த வீட்டையே பாக்குறீங்களாம். பிள்ளை இல்லாதவங்க கண்ணு... திருஷ்டி பட்டா திரும்பிப் போகட்டும்னு கண்ணாடி மாட்டியிருக்கா.”

எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் பார்த்தது தெருவை, அதுவும் பூனைக்குத் துணையாக. கோபத்தில் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் சன்னலைச் சாத்திவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். ஆனால் மூன்று மணிக்கு உபதேசியார் சுவர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். அவரிடம் என் ரோஷத்தை எப்படி விளக்குவது? என் கண்ணுக்குப் பயந்து மாட்டிய கண்ணாடிதான் அவரைப் பிழைக்க வைத்திருக்கிறது. சன்னலைத் திறந்து வைத்தேன்.

அந்தப் பெண்ணைப் பற்றியும் யோசித்தேன். தாய் இல்லாதவள், கூமாப்பட்டியில் தகப்பன் மட்டும் இருக்கிறார். படி ஏறி இறங்கக் கூடாது என்று மாதக்கணக்காக அந்த ஒரே அறையில் வைத்திருக்கிறார்கள். அவளும் காலையிலிருந்து சன்னலில்தான் இருந்திருக்கிறாள். எதிரே ஒரு பூனை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை அவள்தான் முதலில் புரிந்துகொண்டிருக்கிறாள்.

நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. விளையாட்டு முடிந்ததும் உபதேசியாரைத் தூக்கி அவர் முன்னங்காலை ஆட்டிக் காட்டுவேன். எதிரே வளையல் குலுங்கும். அவ்வளவுதான்.

பிறகு ஒரு விடியற்காலையில் எதிர்வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிப் போனார்கள். நாள் ஆவதற்கு முன்பே வலி வந்துவிட்டதாம்.

காலை வெயில்

அன்று கண்ணாடியைத் திருப்பக் கை இல்லை. வெளிச்சம் சுவரின் மூலையில் வந்து அசையாமல் நின்று மறைந்தது. உபதேசியார் அதை முகர்ந்து பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. தட்டைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் அக்காவின் மூடியை நானே கையில் எடுத்தேன். பின்பக்கத்து வாசலில் சாயங்கால வெயில் விழும். அங்கே நின்று வெயிலைப் பிடித்து உள்ளே விட்டேன். வெளிச்சம் கண்டபடி ஆடியது. அவர் எழுந்து வந்து பார்த்தார். மன்னித்துவிட்டார் போல, பதுங்கினார். நாளாக நாளாகக் கை பழகியது. வேடிக்கை காட்டு என்று அக்கா என்னிடம்தானே சொன்னாள், இவ்வளவு நாளும் அவளே வந்து காட்டட்டும் என்று நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

கார்த்திகாவுக்கு ஆண்குழந்தை என்று கேள்விப்பட்டேன். குழந்தையோடு வீட்டுக்கு வந்தும் விட்டாள். ஆனால் சன்னலில் கை தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் பாக்கியம் எங்கள் படிக்கட்டடியில் வந்து நின்றாள். நாய் குரைத்தது. அவள் மேலே வரவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை.

“அக்கா, புள்ள நல்லாத்தான் இருக்கான். தாய்தான் ஒரு மாதிரி இருக்கா. பால் குடுக்கக்கூட நாங்கதான் புள்ளயத் தூக்கி மடியில வைக்கணும். தொட்டில்ல அழுதாலும் திரும்ப மாட்டேங்கா. வாய்க்கு ருசியா எம்புட்டோ செஞ்சு குடுத்தாச்சு, திங்க மாட்டேங்கா. சும்மா செவத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்கா.”



“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“டாக்டரம்மா மாத்திரை குடுத்திருக்காவ. புள்ள பெத்தவளுக்குச் சில பேருக்கு இப்பிடி வருமாம், நாளாகுமாம்.” அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள். “நேத்து ஒரே ஒரு வார்த்த பேசுனா. ‘பூனை சாப்பிட்டுச்சா’ன்னு கேட்டா. அதான்... அத செத்த நேரம் சன்னல்ல வைங்கக்கா. அவ பாக்கட்டும்.”

கண்ணாடியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மறுநாள் உபதேசியாரை நாற்காலியில் ஏற்றினேன். எதிர்ச்சன்னலில் யாரும் வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவள் சன்னலை எப்படிப் பார்ப்பாள்? அப்போதுதான் காலை வெயில் நேராக என் சன்னலில் விழுவதைக் கவனித்தேன். அவளுக்குச் சாயங்கால வெயில், எனக்குக் காலை வெயில். மூடியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

எதிர்வீட்டு வெளிச்சுவரில் முதலில் வெளிச்சத்தை விட்டேன். மெல்ல நகர்த்திச் சன்னல் கம்பி வழியாக உள்ளே அனுப்பினேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த வெயிலில் அந்த அறை வெறும் கறுப்பு. கட்டில் எங்கே, தொட்டில் எங்கே என்று தெரியாமல் இருட்டுக்குள் குத்துமதிப்பாக ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. வெளிச்சம் வெளிச்சுவரில் இருந்தபோது உபதேசியார் அதைப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு முழம் முன்னால், வெறும் சுவரைப் பார்த்தார். நான் நகர்த்துவதற்கு முன்பே அவர் தலை திரும்பியது. வயதான பூனை, பார்வை மங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விடாமல் தினமும் காட்டினேன். ஒரு நாள் கை கடுத்துப்போய் அப்படியே அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. கம்பிக்குப் பின்னால் கார்த்திகா வந்து நின்றாள். அவள் முகத்தை நான் முதல்முதலாகப் பார்த்தது அன்றுதான். தோளில் குழந்தை இருந்தது.

முன்னால் போனது

குழந்தைக்குத் தலை நின்றபிறகு பாக்கியமே அவர்களைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். சன்னல் கண்ணாடியை எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். பாக்கியம் சமையலறையில் எனக்கு உதவுகிறேன் என்று புகுந்துகொண்டாள். கார்த்திகா குழந்தையோடு அந்தச் சுவரின் முன்னால் உட்கார்ந்தாள். உபதேசியார் அவள் கையை முகர்ந்து பார்த்து, பழகிய ஆள்தான் என்கிற மாதிரி பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

“பெரியம்மா, அந்த வெளிச்சம் நீங்கதான காட்டினீங்க?”

“ஆமா. வேற யாரு?”

“கூட யாரு இருந்தா?”

“கூட யாரு? நானும் இவரும்தான்.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“இல்ல பெரியம்மா. தினம் ரெண்டு வெளிச்சம் வரும். ஒண்ணு முன்னால போகும், ஒண்ணு தொரத்திக்கிட்டே பின்னால வரும். மொதல்ல கண்ண மூடிக்கிட்டேன். பொறவு எப்ப வரும்னு பாக்க ஆரம்பிச்சுட்டேன். ரெண்டும் செவரெல்லாம் ஓடும், பிடிக்கவே பிடிக்காது. எனக்கே சிரிப்பு வந்துரும். நான் சன்னலுக்கு வந்தேன்ல, அன்னைக்கி மட்டும் முன்னால போனது ஓடல. தொட்டில் துணி மேல போய் நின்னுக்கிச்சு. பின்னால வந்ததும் அதுமேல வந்து நின்னுச்சு. ரெண்டும் ஒண்ணா நின்னுச்சு பெரியம்மா. நான் எந்திரிச்சுப் போய் அந்த எடத்துல கைய வச்சேன். உள்ளேருந்து இவன் ஒதைச்சான்.”

குழந்தை அவள் வளையலைப் பிடித்து இழுத்தது. சமையலறையில் பாக்கியம் சீனி எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

என் கையில் இருந்தது ஒரே ஒரு மூடி. அன்று நான் நிறுத்தியது கை வலித்ததால்தான். அந்தத் தொட்டில் எந்த மூலையில் தொங்கியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சிறுவயதில் எங்கள் வீட்டுச் சுவரில் எஸ்தர் அக்காவை நான் ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. அன்றைக்கு நின்று கொடுத்திருக்கிறாள்.